ஞாயிற்றுக்கிழமை வெடிகுண்டு

ஆம்பூரில் அந்தச் சந்துக்கே ஒரே டிவிதான், அது ஜெயகரன் வாத்தியார் வீட்டில் இருந்தது. 1988ஆம் வருஷம் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரைக்கு அதில் ஓர் இந்தித் தொடர் வரும். பயங்கரவாதிகள் வாரம் ஒரு குண்டு வைப்பார்கள். கேப்டன் சௌஹான் என்பவர் வாரம் ஒரு குண்டை எடுப்பார். தொடருக்கு ஏதோ பெரிய பெயர் இருந்தது, ஆனால் சந்தில் எல்லோருக்கும் அது 'வெடிகுண்டு'தான். அது தொடங்கியதிலிருந்து வாத்தியார் மனைவி ஞானசுந்தரி சர்ச் வாசலில் யாரிடமும் நின்று பேசுவதில்லை. பாதிரி ஐயர் ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் இவர் காலில் செருப்பு ஏறியிருக்கும்.

கூடுகிற கூட்டத்தில் இந்தி ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் பக்கத்துப் போர்ஷன் அஃப்ஸர் ஜஹான். வீட்டில் பேசுவது உருது, அதனால் இந்தியும் பாதிக்கு மேல் புரியும். கதவோரம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, மடியில் ஷூவின் மேல்தோலை வைத்துத் தைத்தபடியே, டிவியில் பேசுவதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். ஊசி ஒரு பக்கம் போகும், கதை ஒரு பக்கம் போகும், இரண்டும் நிற்காது.

அவள் வாணியம்பாடியில் பிறந்து பதினேழு வயதில் ஆம்பூருக்கு மருமகளாக வந்தவள். புருஷன் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தான், மஞ்சள் காமாலையில் போய்விட்டான். பிள்ளை இல்லை. அதன் பிறகு ஷூ கம்பெனியிலிருந்து மூட்டையாக மேல்தோல்களை வாங்கிவந்து வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. ஒரு நாள் முழுக்கப் பத்து வார்த்தைகூடப் பேசாமல் பொழுது விடிந்து அடைந்துவிடும். அவளுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று சந்துக்குத் தெரிந்ததே அந்த டிவியால்தான். 'அஃப்ஸர் அக்கா வந்தாச்சா?' என்று பத்துப் பேர் கேட்கிற அந்த அரைமணி நேரத்துக்காக அவள் மற்ற ஆறு நாளைத் தைத்துத் தள்ளினாள் என்றால் அது மிகையில்லை.

அந்த அரைமணி நேரத்தின் சனியன் வேதாசலம். பட்டாளத்தில் வெடிக்காத குண்டுகளை எடுக்கும் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது அதே ஷூ கம்பெனியின் கேட்டில் வாச்மேன். தொடரில் குண்டைக் காட்டியதும் அவர் வாயைத் திறந்துவிடுவார்.

"குண்டு வெக்கறவன் எடுக்க வர்றவனுக்கு வசதியா கடியாரத்த வெளியில வெப்பானா? ஒயருக்கு செவப்பு பச்சைன்னு கலர் பாத்து வெப்பானா? இன்னாய்யா இது?"

"யோவ், நெஜம் வேணும்னா திரும்பப் பட்டாளத்துக்கே போ. எங்கள ஏன் பேஜார் பண்ற?" என்பாள் அவர் மனைவி தனபாக்கியம். அவளுக்கு சௌஹான் மாடிக்கு மாடி தாவ வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம். புருஷனும் பொண்டாட்டியும் மல்லுக்கு நிற்க, பாதித் தொடர் காதில் விழாமலே போகும்.

அஃப்ஸர் ஜஹானுக்கு வயிற்றெரிச்சல். போதாக்குறைக்குத் தொடரில் அதிகாரிகள் பேசும் சுத்த இந்தி அவளுக்குச் சுத்தமாகப் புரியாது. அந்த இடங்களை அவளே இட்டு நிரப்ப வேண்டியிருந்தது. எப்படியும் நிரப்பத்தான் போகிறோம், அந்த மனுஷன் வாயடைக்கும்படி நிரப்பினால் என்ன என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது.

தைத்த மூட்டையைக் கொடுக்கப் போனபோது கேட்டில் அவரிடமே கேட்டாள். "அண்ணா, நெஜத்துல இன்னாதான் பண்ணுவாங்க?"

பட்டாளத்தை விட்டு வந்ததிலிருந்து அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. மூட்டையைச் சோதிப்பதை விட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். முதலில் ஜனங்களைக் காலி பண்ண வேண்டும், மண்மூட்டை அடுக்க வேண்டும். குண்டுக்குப் பக்கத்தில் ஒரே ஆள்தான் போவான், அவனும் நடந்துதான் போவான், ஓடமாட்டான். செய்வதை ஒவ்வொன்றாக டெலிபோனில் சொல்லிக்கொண்டே செய்வான். தூரத்தில் இன்னொருவன் அதை எழுதிக்கொள்வான்.

"எழுதறது எதுக்கு?"

"இவன் செத்துட்டா, எதுல செத்தான்னு அடுத்தவனுக்குத் தெரியணும்ல?"

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கேப்டன் சௌஹான் திருந்திவிட்டார். டிவியில் அவர் தலைதெறிக்க ஓடினால், "மண்மூட்ட பத்தலயாம், எடுத்தாரப் போறாரு" என்பாள். மேலதிகாரி மேஜையைக் குத்திக் கத்தினால், "ஜனங்கள இன்னும் ஏன் காலி பண்லன்னு திட்றாரு" என்பாள். வேதாசலம் தலையாட்டினார். தனபாக்கியத்துக்குத் தாவலும் கிடைத்தது, சண்டையும் இல்லை. சந்து ஒரு மாதம் நிம்மதியாகத் தொடர் பார்த்தது.

கேட்டில் ஒருநாள் அவள் கேட்காமலே வேதாசலம் இன்னொன்றும் சொன்னார். எழுபத்தொன்று பாகிஸ்தான் சண்டை முடிந்து எல்லையில் கிடந்த குண்டுகளை எடுத்த சமயம். குண்டுக்குப் பக்கத்தில் அவருடைய தோஸ்த் மோசஸ், குடியாத்தத்துப் பையன். தூரத்தில் டெலிபோனில் கேட்டு எழுதிக்கொண்டிருந்தவர் இவர்.

"'ரெண்டாவது ஸ்க்ரூ கழட்டிட்டேன், எழுதிக்கோ'ன்னான். எழுதினேன். 'மூணாவது'ன்னான். அவ்ளோதான். அந்த நோட்ல மூணாவதுன்னு எழுதினது அப்டியே நிக்குது. இத வீட்ல சொன்னதில்ல" என்றார். அவள் புது மூட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் பம்பாயிலிருந்து அவள் கொழுந்தன் சர்தார் பாஷா லீவில் வந்தான். அங்கே தோல்பை கடையில் வேலை, இந்தி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஞாயிற்றுக்கிழமை அவனும் வந்து உட்கார்ந்தான். டிவியில் சௌஹான் கதாநாயகியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி என்னமோ உருகினார்.

"தெருமுன வரைக்கும் எல்லாரையும் காலி பண்ணிட்டியான்னு கேக்கறாரு" என்றாள் அஃப்ஸர் ஜஹான்.

சர்தார் பாஷா வெடித்துச் சிரித்தான். "இன்னா பாபி இது? உன் கண்லதான் என் உயிரு இருக்குன்றான் அவன்! காலி பண்றதாம்! இத்தினி நாளா இப்டியா கத வுட்டுக்கினு இருந்த?"

கூட்டம் மொத்தமும் சிரித்தது. ஞானசுந்தரியும் சிரித்தார். வேதாசலம் மட்டும் சிரிக்கவில்லை, ஆனால் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அந்த மௌனம்தான் அவளை அதிகம் சுட்டது. மனுஷன் நம்பிச் சொன்னதை எடுத்துப் பொய்க்குப் பயன்படுத்திவிட்டோமே என்று உடம்பெல்லாம் கூசியது. தோலையும் ஊசியையும் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

இரண்டு ஞாயிறு அவள் வரவில்லை. பக்கத்துச் சுவரில் டிவிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் ஊசி தப்பான துளையில் இறங்கியது. பழையபடி பத்து வார்த்தைக்குத் திரும்பிவிட்டோம், இனி சாகும்வரை இதுதான் என்று நினைத்து அழவும் செய்தாள். அந்தப் பக்கம் சர்தார் பாஷாதான் இப்போது தமிழ் சொன்னான். பொய்யே கிடையாது. அஞ்சு நிமிஷம் பேசினால், "ஒண்ணும் இல்ல, சும்மா பேசிக்கறாங்க" என்று முடித்துவிடுவான். வேதாசலம் மறுபடி வாயைத் திறந்தார், தனபாக்கியம் மறுபடி மல்லுக்கு நின்றாள்.

மூன்றாவது வாரம் கேட்டில் வேதாசலம் அவள் மூட்டையைப் பிடித்து நிறுத்தினார். "இந்த ஞாயித்துக்கெழம கடைசி வாரம். வந்துடு பாயம்மா."

"நான் பொய் சொன்னேன் அண்ணா."

"தெரியும்."

"எப்பத்துலருந்து?"

"மொத வாரத்துலருந்தே. நான் கேட்ல சொன்னது நாலு நாள்ல சௌஹான் வாய்ல வந்தா எனக்குத் தெரியாதா? டிவிக்காரன் காட்றதும் பொய்தான். ஆனா நீ சொல்ற பொய்ல ஆளுங்க ஜாக்கிரதையா இருக்காங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனாள். கதவோரத்து இடம் காலியாகவே இருந்தது. பள்ளிக்கூடத்தில் குண்டு, அதன் மேல் சுவர்க் கடிகாரம் அளவுக்கு ஒரு கடிகாரம். சௌஹான் முழந்தாளிட்டு, வாக்கிடாக்கியை வாயருகே வைத்துக் கண்கலங்கப் பேசினார்.

"என்ன மறந்துடு, வேற ஒருத்தன..." என்று ஆரம்பித்தான் சர்தார் பாஷா.

"தம்பி, நீ சும்மா இரு. பாயம்மா சொல்லட்டும்" என்றார் வேதாசலம். தனபாக்கியமும், "ஆமா, அக்கா சொன்னாதான் கத மாரி இருக்குது" என்றாள். சர்தார் பாஷா தோளைக் குலுக்கிக்கொண்டு அடங்கினான்.

அஃப்ஸர் ஜஹான் ஊசியைக் கீழே வைத்தாள். ஒரு வருஷத்தில் கதை சொல்லும்போது அவள் கை நின்றது அன்றுதான்.

"மொத ஸ்க்ரூ கழட்டிட்டேன், எழுதிக்கோன்றாரு" என்றாள்.

வேதாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டாவது கழட்டிட்டேன், எழுதிக்கோ."

டிவியில் கடிகாரம் ஓடியது. இசை காதைப் பிளந்தது. சௌஹான் குனிந்து சிவப்பு ஒயரைப் பல்லால் கடித்தார். இத்தனை பெரிய அபத்தத்தைக் காட்டியும் வேதாசலத்திடமிருந்து சத்தமே வரவில்லை. அவருடைய வலது கைவிரல்கள் தொடையின்மேல் பேனா பிடித்ததுபோல் குவிந்திருந்தன. முள் நின்றது. சௌஹான் வாக்கிடாக்கியில் கத்திச் சிரித்தார்.

"மூணாவதும் கழட்டிட்டேன்" என்றாள் அஃப்ஸர் ஜஹான். "ஒண்ணும் ஆவல. நல்லாதான் இருக்கேன், நடந்து வர்றேன். எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்டா" என்றார் வேதாசலம்.