டாஷ்போர்டில் குங்கிலியம்

அன்றைக்கு நான் திருப்புளியைத் தொட்டிருக்கவே கூடாது. யாரும் என் கையில் கொடுக்கவில்லை, நானாகத்தான் எடுத்தேன்.

இரண்டாவது உலகச் சண்டைக் காலம் அது. தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் செய்த ஓர் அண்ணாச்சியிடம் நான் ரைட்டராக இருந்தேன். ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். கிட்டங்கியில் உட்கார்ந்து, வந்த மூட்டை போன மூட்டையைக் குறித்துக்கொண்டு, துறைமுக ஆபீசுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். நாசரேத்தில் மிஷன் பள்ளியில் படித்தவன் என்ற மிதப்பு எனக்கு உண்டு. மோட்டார் ஓட்டவும் கற்றிருந்தேன். அதனால் அண்ணாச்சியின் வண்டியும் என் தலையில்தான் விழுந்தது.

அந்த வண்டிக்கு முன்பக்கம் கார், பின்பக்கம் லாரி. பிக்கப் என்று அதற்குப் பெயர் இருப்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. கிட்டங்கியில் எல்லோரும் அரை லாரி என்றார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஓட்டித் தேய்த்துவிட்டுப் போனது. அதன் டாஷ்போர்டில் முள் ஆடுகிற மூன்று மீட்டர் வட்டங்களைத் தாங்கிய ஒரு தகடும், அந்த வட்டங்களுக்கு வெளிச்சம் காட்ட இரண்டு குட்டி பல்புகளும் இருந்தன. பாக்கு அளவுதான் இருக்கும் பல்பு. ஆனால் அது எரிந்தே ஆக வேண்டும். விடியுமுன்பே உப்பளத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. இருட்டடிப்புச் சட்டத்துக்காக முன்விளக்குகளுக்குக் கறுப்பு மூடி போட்டு, ஒரு கீற்று மட்டும் விட்டிருந்தோம். வண்டியின் ஆயில் பம்பு கிழடு. ஆயில் முள் இறங்கினால் நின்ற இடத்தில் என்ஜினை அணைத்தாக வேண்டும். இல்லையென்றால் அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். இருட்டில் அந்த முள்ளைப் பார்க்க அந்த இரண்டு பல்புகளை விட்டால் வேறு கதி இல்லை.

வண்டியைப் பழுது பார்த்தவர் ஒரு மேஸ்திரி. கடற்கரைக் கத்தோலிக்கர். கடலடியில் முத்துச்சிப்பி விளைகிற பார்களைச் சோதிக்கப் போகிற லாஞ்சில் என்ஜின் பார்த்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை நான் வாசித்து அர்த்தம் சொன்னால், தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். கேட்டுவிட்டுத் தன் இஷ்டப்படிதான் செய்வார். வண்டியும் ஓடும். எனக்கு அது பொறுக்கவில்லை. பொறாமை என்று அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு வாரத்தின் நடுவில், கரண்டு காட்டுகிற ஆமீட்டரைச் சரிபார்க்க அவர் டாஷ்போர்டைக் கழற்றினார். உள்ளே திருகாணியெல்லாம் துருவேறி, பித்தளையெல்லாம் பச்சை பிடித்துக் கிடந்தது. "உப்புக்காத்து திங்காத சாமான் எது ரைட்டரே? நம்ம எலும்பைக் கூடத் திங்கும்" என்று சிரித்துக்கொண்டே, துடைத்து மாட்டிவிட்டுப் போனார். துடைத்தால் போதுமா? எனக்குள் இருந்த இஞ்சினியர் விழித்துக்கொண்டான். கடற்கரையில் வள்ளம் கட்டுகிற கொட்டகையில் குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சிப் பலகைக்குப் பூசுவதைப் பார்த்திருக்கிறேன். காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். கடல் தண்ணீர் உள்ளே இறங்காது. மரத்துக்கே உப்பு ஏறாதென்றால் இரும்புக்கு எங்கே ஏறப்போகிறது என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி பூசைக்குப் போயிருந்தார். அவர் பூசைக்குப் போன நேரம் பார்த்து நான் பூசினேன். ஒரு சிரட்டை நிறைய வாங்கி வந்து, டாஷ்போர்டுத் தகட்டின் நாலு திருகாணியையும் கழற்றி, பின்பக்கம், தாங்குகிற கால், திருகாணித் துளை என்று ஓர் இடம் விடாமல் தடவினேன். வெயிலில் காயவிட்டேன். பிறகு பழையபடி முடுக்கினேன். ஆறு மாதம் கழித்து அவர் கழற்றும்போது துருவே இல்லாமல் இருக்கும்; யார் செய்தது என்று கேட்பார்; அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வாயைத் திறக்காமல் இருந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் சுவிட்சைத் திருப்பினால் டாஷ்போர்டு இருண்டு கிடந்தது. ஆமீட்டர் முள் ஆடியது, முன்விளக்குக் கீற்று எரிந்தது, அந்த இரண்டு பல்பு மட்டும் எரியவில்லை. மடியில் டார்ச்சை வைத்து அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டு உப்பளம் போய்த் திரும்பினேன். என் குங்கிலியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பூசினது பாதுகாப்புக்கு; பாதுகாப்பால் எப்படிக் கெடும்?

மேஸ்திரி வந்தார். வண்டிக்குள் மல்லாந்து படுத்து, தலையை டாஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தார். பிறகு உள்ளே இருந்தபடியே கேட்டார்:

"என்ன ரைட்டரே, குங்கிலிய வாடை அடிக்கி. எங்க வள்ளத்துக்குள்ள படுத்த மாதிரில்லா இருக்கு. யாரும் உள்ள கை வச்சாவளா?"

அவர் குரலில் கேலிதான் இருந்தது, கோபம் இல்லை. நான்தான் வைத்தேன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் இங்கிலீஷ் புத்தகம் வாசித்துக் காட்டுகிறவன், வள்ளத்துக்குப் பூசுவதை மோட்டாருக்குப் பூசிவிட்டு முழிப்பதா?

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"சரி" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. பாக்குவெட்டி போல எதையோ நறுக்குகிற சத்தமும், கத்தியால் சுரண்டுகிற சத்தமும் கேட்டன.

அந்த நேரத்தில்தான் அண்ணாச்சி வந்தார். வரும்போதே கொதித்துக்கொண்டு வந்தார். யுத்தத்தில் பல்பு, ஒயர், டயர் எதுவும் கடையில் கிடைக்காத காலம். மோட்டார்க் கொட்டகைகளில் நல்ல சாமானை உருவிக்கொண்டு பழசை மாட்டுவதாக ஊரெல்லாம் பேச்சு. அண்ணாச்சிக்கு யார் எதைச் சொன்னார்களோ.

"ஏலே, வெளிய வாலே" என்றார். மேஸ்திரி எழுந்து வந்தார். "போன வாரம் நீதான கழத்துன? நல்லா எரிஞ்ச லைட்டு எப்படிலே அணையும்? நல்ல ஒயரை உருவி எங்கன கொண்டு வித்த?"

"நான் எதையும் உருவல அண்ணாச்சி."

"அப்ப உனக்கப்புறம் வேற எவன் தொட்டான்?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை, காட்டிக்கொடுக்கப் போகிற பார்வையும் இல்லை. சும்மா பார்த்தார், நான் ஏதோ சொல்வேன் என்று காத்திருக்கிற மாதிரி. அண்ணாச்சியும் என் பக்கம் திரும்பினார்.

"என்ன வே ரைட்டரே, வேற யாரும் தொட்டாவளா?"

"நான் பார்க்கலை அண்ணாச்சி" என்றேன்.

யோசித்தால் அது பொய்கூட இல்லை. நான் செய்ததை நானே எப்படிப் பார்ப்பது? இப்படியெல்லாம் வார்த்தையை வளைத்துத் தப்பிக்கத்தான் என் படிப்பு உதவியது. மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டார். தன் சாமான் பையை எடுத்தார். இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று அண்ணாச்சி சொல்லி முடிப்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார்.

அன்று மத்தியானம் முழுக்க மனதுக்குள் ஒரு வாதம் ஓடிக்கொண்டிருந்தது: ஒருவேளை அவர் உருவித்தான் இருந்தால்? குங்கிலியத்தால் விளக்கு அணையும் என்று யார் சொன்னது? அதை நிரூபித்துவிட்டால் என் நெஞ்சு அடங்கிவிடும் என்றுதான் மறுநாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்தேன்.

பல்பைக் கழற்றி பாட்டரியில் தொட்டேன், பளிச்சென்று எரிந்தது; திரும்ப மாட்டினேன். ஃபியூஸ் நன்றாக இருந்தது. சுவிட்சிலிருந்து போகிற ஒயரை இழுத்துப் பார்த்தேன். பழைய ஒயர்தான், வெள்ளைக்காரர் காலத்து நூல் சுற்றிய அதே ஒயர். யாரும் எதையும் உருவவில்லை. ஹோல்டர்வரை கரண்டு வந்துகொண்டிருந்தது. வந்த கரண்டு ஏன் எரியவில்லை? புத்தகத்தில் அதற்கு ஒரு பாரா இருந்தது. நானே ஒரு தடவை மேஸ்திரிக்கு வாசித்துக் காட்டிய பாரா. பல்புக்குப் போகிற வழி மட்டும் ஒயர். திரும்பி வருகிற வழி வண்டியின் இரும்பு. தகடும் திருகாணியும் உடம்போடு இரும்புக்கு இரும்பாக ஒட்டியிருக்க வேண்டும். அதற்கு எர்த் என்று பெயர். நடுவில் துருவோ பெயிண்டோ நின்றால் வந்தது திரும்பாது, விளக்கு எரியாது.

துருவோ பெயிண்டோ என்றுதான் போட்டிருந்தது. குங்கிலியத்தைப் பற்றி அந்த வெள்ளைக்காரனுக்கு எப்படித் தெரியும்?

மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே நுழைத்தேன். முதலில் வாடைதான் முகத்தில் அடித்தது. டார்ச்சை அடித்தேன். நான் பூசியது தேன் நிறத்தில், திருகாணித் துளையெல்லாம் அடைத்துக்கொண்டு மினுமினுத்தது. அதற்கு நடுவில், தகட்டின் ஒரு மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குக் குங்கிலியத்தைச் சுரண்டிவிட்டு, ஒரு சின்னச் செம்புக் கம்பி முறுக்கி மாட்டப்பட்டிருந்தது. அதன் மறுமுனை, தோல் சீவி, வெறுமனே தொங்கியது. முனைக்கு நேரே வண்டியின் உடம்பிலும் ஓர் இடம் பளபளவென்று சுரண்டப்பட்டிருந்தது. தொங்குகிற முனையை அந்த இடத்தில் வைத்து விரலால் அழுத்தினேன். இரண்டு பல்பும் எரிந்தன.

அண்ணாச்சி வந்து கூப்பிட்டபோது மேஸ்திரி இதைத்தான் செய்துகொண்டிருந்தார். கோளாறு என்ன என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. யார் செய்தது என்பதும் தெரியாமல் இருக்காது. சிரட்டையில் இருந்த மிச்சம் என் மேசைக்கு அடியிலேயே கிடந்தது. தெரிந்துகொண்டுதான் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

அந்தக் கம்பியை நானே முடுக்கினேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "பாத்தீரா, படிச்ச ஆளு கை பட்டதும் எரியுது. களவாணிப்பய, அவனைப் போய் நம்பினேன்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன். சொன்னால் என் வேலை போயிருக்குமா? போயிருக்காது, திட்டியிருப்பார், சிரித்திருப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் ஒருத்தர் களவாணியாகப் போகட்டும் என்று விட்டேன்.

நாங்கள் புரொட்டஸ்டண்டுகள்; எங்கள் கோயிலில் பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் சொல்வோம். கூட்டத்தோடு சொல்கிற பாவம் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த ஞாயிறு அப்படிச் சொல்லும்போது எனக்கு வாய் வரவில்லை. மேஸ்திரியின் கோயிலில் ஒவ்வொருவரும் தனியாகப் போய் முழங்காலிட்டு, இன்னது செய்தேன் என்று சொல்ல வேண்டுமாம். ஆராதனை முடிந்ததும், சாப்பிடாமல்கூட, அவர் வீட்டைத் தேடிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன்.

அவர் சம்சாரம்தான் இருந்தார். உலர்ந்த வலையை மடித்துக்கொண்டிருந்தவர், என் சட்டையையும் செருப்பையும் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"ரைட்டரய்யாவா? அவுக இல்லியே. களவாணின்னு பேராகிப்போச்சுன்னா எந்தக் கொட்டகையில வேலை குடுப்பாவ? வியாழக்கிழமை கொழும்புத் தோணியில போயிட்டாவ."

அந்த அம்மாவிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"ரைட்டரய்யா ஒரு நாளு தேடி வருவாவ, வந்தா கேளுன்னு சொல்லிட்டுப் போனாவ. அந்தக் கம்பி ஒரு முனை மாட்டாம விட்டுட்டாவளாம். மாட்டினீங்களா? லைட்டு எரியுதா?"

"எரியுது" என்றேன்.

"நல்லது. அவுகளுக்குக் கடுதாசி போடயில சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு அவர் வலையை மடிக்கக் குனிந்தார். நான் திரும்பி நடந்தேன். எரியுது என்ற அந்த ஒரு வார்த்தைதான் என்னிடமிருந்து மேஸ்திரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.