நிமிஷம்மா திருத்திய தேதி

நூற்பாலை வாசலில் இருந்த டைம் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவளுக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் நிமிஷம்மா. எட்டு மணி ஷிப்டுக்கு எட்டு மூன்றுக்கு வந்தவன் காலில் விழுந்தாலும் எட்டு மூன்று என்றுதான் எழுதுவாள். "எமனே வந்தாலும் லேட்டுன்னா கையெழுத்து வாங்கிட்டுதான் அந்தம்மா உள்ள விடும்" என்று சிரிப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள், பிறகுதான் மனிதர்களை.

அவள் புருஷன் கட்டட வரைபடம் போடுகிறவர். பாட்டு ஓடினால்தான் அவருக்குக் கோடு நேராக வரும். ஊரே பாட்டைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், இணையத்தில் ஒரு பாட்டுக் கடைக்கு மாதச் சந்தா கட்டி முறையாக இறக்கிய ஒரே ஆள் அவர்தான். "ஊருக்கே இல்லாத யோக்கியம் உங்களுக்கு எதுக்கு?" என்று அவளே கேலி செய்திருக்கிறாள். அதில் பதினேழு பாட்டு, யாரோ நாலு பேர் சேர்ந்து பாடியவை. வேறு எங்கும் கிடைக்காதவை. கடையை மூடிப் பதினோரு வருஷமாகிறது.

எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் விழுந்தது. பேச்சும் போயிற்று. எதைக் கேட்டாலும் "அது, அது" என்பார். ஆனால் அந்தப் பதினேழில் ஒன்று ஓடினால் போதும், கூடவே முழு வரியாகப் பாடுவார். வேறு பாட்டுகளைப் போட்டால் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். "இதை மட்டும் நிறுத்திடாதீங்க, இந்த வழியாத்தான் வார்த்தை திரும்பி வரும்" என்றார் டாக்டர். போன வாரம் மூன்றாவது பாட்டு முடிந்ததும் அவராகவே "தண்ணி" என்றார். அவள் சமையலறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாளே அந்தப் பாட்டுகள் இருந்த பழைய கம்ப்யூட்டர் உள்ளுக்குள் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது.

புதுசு ஒன்று வாங்கினாள். மெக்கானிக் வந்து பதினேழையும் அதற்கு மாற்றினார். ஒன்றுகூட ஓடவில்லை. வாங்கிய கடையிடம் அனுமதி பெறவும் என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்து நின்றது.

"கடையே இல்லையே, யார்கிட்ட கேக்கறது?" என்றாள்.

"அதான் வில்லங்கம். பாட்டுக்குப் பூட்டு, சாவி பழைய மெஷினுக்குள்ள. கவலைப்படாதீங்கம்மா. பழசுல பாட்டை ஓடவிட்டு, வயர் மூலமா புதுசுல பதிவு பண்ணிக்கலாம். நாளைக்குக் காலையில வயரோட வரேன்."

காலையில் பத்து மணிக்கு மெக்கானிக் வருவதாக ஏற்பாடு. ஒன்பதேமுக்காலுக்கே பழைய கம்ப்யூட்டரைப் போட்டுத் தயாராக வைத்தாள். திரையின் மூலையில் வழக்கம்போல பதினாறு வருஷம் பின்தங்கிய தேதி. இத்தனை நாளும் அது அவள் கண்ணை உறுத்திக்கொண்டுதான் இருந்தது. திருத்தக் கை நீட்டும்போதெல்லாம் புருஷன் இடது கையால் தட்டிவிடுவார். பாட்டுக்கு அவசரம் என்று விட்டுவிடுவாள். இன்றைக்கு அவர் ஜன்னலோரம், எட்டாத தூரத்தில் இருந்தார். பதிவாகப் போகிற பாட்டில் தப்புத் தேதி விழலாமா?

அந்த நேரம் பார்த்து யாராவது கதவைத் தட்டியிருக்கக் கூடாதா! யாரும் தட்டவில்லை.

"அது! அது!" என்று அவர் நாற்காலிக் கையை அடித்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது.

"இருங்க, இதோ போடறேன். ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டீங்களா?" என்றபடி வருஷத்தை மாற்றி, மாதத்தை மாற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிஷத்தையும் சரிசெய்தாள். பிறகு மூன்றாவது பாட்டைத் தட்டினாள். சந்தா முடிந்துவிட்டது என்று வந்தது. நாலாவதைத் தட்டினாள். அதற்கும் அதே பதில்.

வந்து பார்த்த மெக்கானிக் வயரைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. "தேதியை யார் மாத்தினது?"

"நான்தான். தப்பா இருந்துச்சு தம்பி."

"சந்தா இருந்தப்பவே உள்ள பேட்டரி செத்து, தினமும் பழைய வருஷத்துலயே முழிச்சிருக்கு. அதனாலதான் சந்தா முடியலைன்னு நம்பி பாடியிருக்கு. சார் தெரிஞ்சேதான் அப்படியே விட்டிருக்கணும்."

"அப்போ திரும்பப் பழைய தேதியை வைங்க."

"ஒரு தடவை இன்னைய தேதியைப் பார்த்துட்டா, பின்னாடி தள்ளினா ஏமாத்தறோம்னு பூட்டிக்கும்மா." இருந்தாலும் வைத்துப் பார்த்தார். பதினேழையும் ஒவ்வொன்றாகத் தட்டினார். பதினேழாவதும் மறுத்த பிறகு எழுந்துகொண்டார்.

அவள் புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் அடிப்பதை நிறுத்தியிருந்தார். கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது அந்த முகத்தில். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது பாட்டின் முதல் வரியைப் பாடினாள். அவர் வாயைத் திறந்து, அடுத்த வரிக்காக அவள் உதட்டையே பார்த்தார். அடுத்த வரி அவளுக்கு வரவில்லை. எட்டு மாதமாக அவர் குரலைத்தான் கேட்டிருந்தாள், பாட்டை ஒரு நாளும் கேட்டதில்லை.

"அது" என்றார் அவர்.