மலர்வளையம் மறைத்த பெயர்கள்

எங்கள் குன்னூர்ப் பக்கத்துப் போர் நினைவுக்கல்லைத் துடைக்கும் அந்த அம்மா, எப்போதும் அடியிலிருந்துதான் தொடங்குவார். தலையில் கம்பளித் தொப்பி, கையில் ஈரத்துணி. தளபதியின் பெயர் உச்சியில். சிப்பாய்களின் பெயர்கள் கீழே.

"மேல இருக்கறத மழையே கழுவிருமுங்க. கீழதான் சேறு தெறிக்குது," என்றார் ஒருமுறை.

ஓர் ஆண்டு, போர் வெற்றி நாள் விழாவில் ராணுவ அதிகாரி சாத்திவைத்த மலர்வளையம் கீழ்ப் பெயர்களை மறைத்துவிட்டது. எல்லோரும் அஞ்சலிக்காக நிற்க, அந்த அம்மாவின் குரல் கணீரென்று எழுந்தது: "ஏனுங்க, நம்ம பசங்க பேரு மறையுதுங்க!"

அதிகாரி வளையத்தை நகர்த்திவிட்டு, குனிந்து, அத்தனை பெயர்களையும் உரக்கப் படித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

அடுத்த ஆண்டு வந்த புது அதிகாரிக்கு யார் சொன்னார்களோ, வளையத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்த பிறகுதான் சல்யூட் அடித்தார்.