கூடை வைத்த சைக்கிள் கேட்ட அம்மன்

சாமி என்று ஒன்று கிடையவே கிடையாது என்பது சித்தப்பாவின் கட்சி. "நம்புறவன் இருக்கிற வரைக்குந்தான் சாமி. அவன் மறந்துட்டா அதுவும் காலி" என்பார். சொல்லிவிட்டு, அம்மா படைத்த சர்க்கரைப் பொங்கலை இரண்டு கை கூடுதலாகவே வாங்கிச் சாப்பிடுவார். அப்பா நேரெதிர். மாரியம்மன் கோயில் இருக்கும் திசையில் கால் நீட்டிப் படுக்கக்கூட மாட்டார்.

எங்கள் ஊர்ப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாவதுக்கு நெடுங்காடு போக வேண்டும்; வாய்க்கால் கரையோரமாகவே நாலு கிலோமீட்டர். "பொம்பளப் புள்ளைய அந்த ரோட்டுல தனியா அனுப்ப முடியாது" என்று அப்பா முடித்துவிட்டார். அம்மா இரண்டு முறை வாயெடுத்துப் பார்த்தாள். சித்தப்பா ஒரு நாள் முழுக்க வாதாடினார். அப்பா அசையவில்லை. நான் சோறு தின்னாமல் அழுதேன்.

அந்த வைகாசித் திருவிழாவில் கரகம் எங்கள் வாசலுக்கு வந்தது. அம்மா மஞ்சள் நீர் ஊற்றினாள். உடுக்கைச் சத்தம் ஏற ஏற, அவள் கையிலிருந்த குடம் நழுவியது. அப்பாவை 'என்னங்க' என்பதற்கு மேல் கூப்பிட்டறியாதவள் தலைமுடி அவிழ ஆடத் தொடங்கினாள்.

"என்ன கொறைன்னு சொல்லு தாயே!" என்று கற்பூரத் தட்டோடு முதலில் ஓடிவந்தவர் யார் என்கிறீர்கள்? சித்தப்பாதான்.

"டேய்!" என்று அப்பாவைப் பார்த்து உறுமினாள் அம்மன். "எம் புள்ளைய ஏன்டா வீட்டுல பூட்டுற? நெடுங்காட்டுக்கு அனுப்பு. சைக்கிள் வாங்கிக் குடு. முன்னாடி கூடை இருக்கணும்!"

அப்பா தடாலென்று காலில் விழுந்தார். "வாங்கிடுறேன் தாயே." பிறகு தயங்கித் தயங்கி, கூடை கட்டாயம் வேண்டுமா என்று கேட்டார். அம்மன் பல்லை நறநறவென்று கடித்தாள்.

"சாமிகிட்ட பேரம் பேசாதீங்கண்ணே" என்று அதட்டினார் சித்தப்பா.

பள்ளி திறப்பதற்குள் சைக்கிள் வந்துவிட்டது, கூடையோடு. அம்மாவைக் கேட்டால், "எனக்கு ஒண்ணுமே நெனவில்லடி" என்றாள்.

எனக்கோ ஆச்சரியம் தாங்கவில்லை. சித்தப்பாவே பக்தராகிவிட்டது ஒருபுறம். மறுபுறம், கூடை வைத்த சைக்கிள் ஆசையை நான் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. மாவாட்டும்போது அம்மாவிடம் மட்டும் ஒருமுறை சொல்லியிருந்தேன். அது எப்படி மாரியம்மன் காதுக்கு எட்டியது என்று மெய்சிலிர்த்து, ஒவ்வொரு பரீட்சைக்கும் அவளுக்குத் தேங்காய் உடைத்து நன்றி சொன்னேன். அந்தத் தேங்காயை வாங்கித் தந்துவிட்டு, பக்கத்தில் கைகூப்பி நின்ற அம்மாவுக்கும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.