பூசைப் புத்தகத்தில் நான் மாற்றி எழுதிய கருத்து

1. எழும்பிப் போனவள்

ஞாயிறு காலை ஏழு மணித் தமிழ்ப் பூசை. ஃபாதர் கருத்துகளை வாசித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த டிலானி எழும்பி, நடு வழியால் நடந்து வெளியே போனாள். அவளுடைய கணவன் குமார் ஒரு நிமிடம் முழித்துவிட்டு அவள் பின்னால் போனான். அவன் இந்து, நெற்றியில் திருநீற்றோடு வந்திருந்தான். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் ஏன் போகிறாள் என்று அங்கே தெரிந்தது எனக்கு மட்டும்தான், ஏனென்றால் காரணமே நான்தான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயில் அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை செய்தேன். எந்தப் பங்கு என்று கேட்க வேண்டாம். ஞானஸ்நானச் சேர்டிபிக்கற், கலியாண அறிவிப்பு ஓலை, மண்டப புக்கிங், குழாய் உடைந்தால் பிளம்பருக்கு போன் என்று எல்லாம் ஒரே மேசையில். அதில் முக்கியமானது பூசைப் புத்தகம். யாருக்காக, எதற்காகப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று சனம் வந்து சொல்லும். நான் எழுதுவேன். அதைத்தான் கருத்து என்போம். மன்றாட்டு நேரத்தில் ஃபாதர் அதை வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் சனம் எல்லாம் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்லும்.

2. திருத்துகிற கை

என் கை சும்மா எழுதுகிற கை அல்ல, திருத்துகிற கை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. வருகிறவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். ஒருமுறை ஒரு மனுசன் வந்து, "என்ர மேல் வீட்டில வாடகைக்கு இருக்கிறவன் கெதியா எழும்பிப் போக வேணும், அதுக்கு ஒரு பூசை" என்றார். அதை ஃபாதர் எப்படி வாசிப்பார்? 'குடும்ப சமாதானம் வேண்டி' என்று எழுதினேன். சமாதானம் வந்ததோ தெரியாது, வாடகைக்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

என்னிடம் நாலே நாலு வகைதான் இருந்தன. செத்தவர்களுக்கு ஆன்ம இளைப்பாற்றி, சுருக்கமாக 'ஆ.இ.'. நன்றிக்கு 'ந'. நோய்க்கு 'சு', அதாவது சுகம் வேண்டி. கனடா விசா, ஓ.எல். சோதனை, தொலைந்த நகை எல்லாவற்றுக்கும் 'வி', விசேட கருத்து. உலகத்தில் மனுசர் கடவுளிடம் கேட்கக்கூடியது எல்லாம் இந்த நாலுக்குள் அடங்கிவிடும் என்று நான் நம்பியிருந்தேன்.

3. பூப் பறித்த கதை

டிலானியின் மகள் ரித்திகா ஆன். வயது ஐந்து. நேர்சரிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை. டெங்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் பனடோல், இரண்டாம் நாள் ஆஸ்பத்திரி, பிளேட்லெட் இறங்கியது, நாலாம் நாள் பிள்ளை போய்விட்டது. டொக்டர்மாரில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்பனும் ஆத்தையும் ஓடாத ஓட்டமில்லை. யாரையாவது ஏசலாம் என்றால் ஏசுவதற்கு ஆளில்லை.

அடக்கத்துக்கு நானும் போனேன். வெள்ளைப் பெட்டி, அவ்வளவு சின்னது. டிலானியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவர் தன்ர தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறிச்சிட்டார் பிள்ளை" என்று சொன்னேன். அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் அதையேதான் சொன்னார்கள். மற்றப் பாதி, "அவர்ர சித்தம்" என்றார்கள்.

முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை குடுக்க அவள் அலுவலகத்துக்கு வந்தபோது காலை பத்து மணியிருக்கும். நான் புத்தகத்தை விரித்துப் பெயரை எழுதிவிட்டு, வழக்கம்போல 'ஆ' போடப் போனேன்.

"அன்ரி, ஆன்ம இளைப்பாற்றி எண்டு போடாதேங்கோ."

"ஏன் பிள்ளை?"

"இளைப்பாறுறதுக்கு அவள் என்ன களைச்சே போனவள்? அஞ்சு வயசு."

"அப்ப என்ன எழுத?" என்றேன்.

"ஏன் எண்டு கேக்கிறம். அப்பிடி எழுதுங்கோ."

"ஆரிட்டக் கேக்கிறது?"

"பூசை ஆருக்குக் குடுக்கிறம்? அவரிட்டத்தான்." பிறகு, "நீங்களும் அண்டைக்குச் சொன்னீங்கள், தோட்டத்துக்குப் பூப் பறிச்சவர் எண்டு. அவருக்குப் பூ வேணுமெண்டா அவரே உண்டாக்கலாமே அன்ரி. அவர்தானே எல்லாத்தையும் உண்டாக்கிறவர். என்ர ஒண்டை ஏன் பறிக்க வேணும்?" என்றாள்.

அவள் கத்தவில்லை. கடையில் சாமான் விலை கேட்பதுபோல அமைதியாகக் கேட்டாள். நான், "சரி பிள்ளை, நான் எழுதுறன். நீ போ" என்றேன். அவள் முகத்தில் ஒரு சின்ன ஆறுதல் வந்ததைக் கண்டேன். அவள் கேற்றைத் தாண்டியதும் 'முப்பத்தோராம் நாள், ஆ.இ.' என்று எழுதிப் புத்தகத்தை மூடினேன். துக்கத்தில் கதைக்கிறாள், நாளைக்கு அவளே வெட்கப்படுவாள், நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வாசித்தார்: "ரித்திகா ஆன், முப்பத்தோராம் நாள், ஆன்ம இளைப்பாற்றிக்காக." அப்போதுதான் அவள் எழும்பினாள்.

4. தேத்தண்ணி இல்லாத விசாரணை

பூசை முடிந்து பூசை உடுப்பைக் கழற்றும்போதே ஃபாதர் கேட்டார். என்னிலும் பத்து வயது இளையவர், ஆனால் ஒன்றையும் மறைக்க முடியாத மனுசன்.

"ஜெசிந்தா மிஸ், அந்தப் பிள்ளை ஏன் எழும்பிப் போனது?"

நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உடுப்பை மடித்து வைத்துவிட்டு, "நீங்க அவள் சொன்னபடி எழுதியிருந்தாலும் நான் வாசிச்சிருப்பனோ தெரியாது. உண்மையைச் சொன்னா, நான் பென்சிலால வெட்டியிருப்பன்" என்றார். பிறகு, "போய் அவளைப் பாருங்கோ" என்றார்.

"நீங்களும் வாங்கோவன் ஃபாதர்."

"நான் வந்தா அதுகள் ஓடித்திரிஞ்சு தேத்தண்ணி ஊத்தும். நான் இருந்து விளக்கம் சொல்ல வேண்டி வரும். என்னட்ட விளக்கம் இல்லை. நீங்க போங்கோ."

பூசைப் புத்தகம் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அது சட்டம். அன்றைக்கு அதை என் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

5. கேள்வியைக் கேட்க விடாதவர்கள்

இரண்டாம் மாடியில் ஒரு அறை, ஒரு குசினி. குமார்தான் கதவைத் திறந்தான். அவன் ஜிந்துப்பிட்டிப் பெடியன், புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. "வாங்க மிஸ், உக்காருங்க" என்றான். டிலானி உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை.

நான் வாயைத் திறக்குமுன் அவனே கதைக்கத் தொடங்கினான். "எங்கம்மா போன ஜென்மத்துப் பாவம்ங்கிறாங்க. அஞ்சு வயசுப் புள்ளைக்கு எந்த ஜென்மத்துப் பாவம் மிஸ்? டிலானியோட அம்மா கடவுள் சித்தம்ங்கிறாங்க. கடையில மொதலாளி, எல்லாம் நன்மைக்கேன்னாரு. எல்லாரும் பதில் சொல்றாங்க. எங்களக் கேள்வி கேக்கத்தான் யாரும் விட மாட்டேங்கிறாங்க."

"அதாலயோ நீங்க பூசைக்கு வந்தீங்க?"

"ஆமா மிஸ். நான் முருகன்கிட்டக் கேட்டுப் பாத்துட்டேன், பதில் வரல. சர்ச்ல எழுதிக் குடுத்திருக்கேன், எல்லாருக்கும் முன்னால சத்தமாக் கேப்பாங்கன்னு இவ சொன்னா. சரி, நானும் கூட நின்னு கேக்கிறேன்னு வந்தேன்."

அப்போது டிலானி வெளியே வந்தாள். "மற்ற ஆக்கள் சொல்லுறது எனக்குப் பழகிட்டுது அன்ரி. நீங்க எழுதுறன் எண்டு சொன்னீங்கள்" என்றாள்.

"நான் செய்தது பிழை, மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்றேன். சாட்டுச் சொல்ல எத்தனையோ வாய்க்குள் வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

"அவர் இருக்கிறாரோ எண்டே இப்ப எனக்குத் தெரியேல்ல. இருந்தா, இதை நேர அவரிட்டக் கேக்க வேணும். கேக்காம அங்க வந்து என்னால முழங்கால்ல நிக்க ஏலாது. நடிக்கிற மாதிரி இருக்கும். சின்னனில இருந்து வந்த கோயில் அன்ரி, நடிக்க விருப்பமில்லை."

நான் பைக்குள் இருந்து புத்தகத்தை எடுத்தேன். அடுத்த ஞாயிறைத் திறந்து, "சொல்லு" என்றேன். அவள் சொன்னாள், நான் எழுதினேன்:

ரித்திகா ஆன். அஞ்சு வயசு. நாலு நாள் காய்ச்சல். ஒரு பிழையும் செய்யேல்ல. ஏன் எண்டு கேக்கிறம். அம்மா, அப்பா.

எழுதும்போது என் கை இரண்டு இடத்தில் இழுத்தது. 'இறந்துபோன' என்று ஒரு சொல் சேர்க்கலாமோ, 'இறைவா' என்று தொடங்கலாமோ என்று. சேர்க்கவில்லை. எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். குமார் எட்டிப் பார்த்து, "என் பேரு வேணாமா?" என்றான். "அப்பா எண்டு போட்டிருக்கு" என்றாள் டிலானி. அவன் தலையாட்டினான்.

6. வாசித்த நாள்

ஃபாதர் பென்சில் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு, மற்றக் கருத்துகளை எல்லாம் முடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே வாசித்தார். விளக்கமும் இல்லை, ஆறுதலும் இல்லை. வாசித்துவிட்டு நின்றார்.

சனத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு பின்பக்கத்தில் யாரோ தொடங்க, எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." இத்தனை வருடமாக நான் சொன்ன பதில். சமையலுக்கு என்ன என்று யோசித்துக்கொண்டே சொன்ன நாட்கள்தான் அதிகம். அன்றைக்குத்தான் உண்மையாகவே கேட்டேன். அழுதுவிட்டேன். வெட்கமாக இருக்கவில்லை.

பூசை முடிய, சபையில் ஒரு பெரியவர் கோபத்தோடு வந்தார். "என்ன ஃபாதர் இது? கடவுளைக் கூண்டில ஏத்தி விசாரிக்கிறீங்களோ?"

ஃபாதர், "நான் வாசிச்சதில எது பொய்?" என்று மட்டும் கேட்டார். பெரியவர் திரும்பிப் போய்விட்டார். அடுத்த புதன்கிழமை அவருடைய மனைவியே என் மேசைக்கு வந்து, "அந்தப் பிள்ளை சொன்ன மாதிரி ஒண்டு எனக்கும் எழுதலாமோ?" என்று மெல்லக் கேட்டார். யாருக்காக என்று நான் இங்கே சொல்லமாட்டேன். அவருக்குப் பிறகும் ஆட்கள் வந்தார்கள்.

டிலானிக்குப் பதில் கிடைத்துவிட்டது, மனம் ஆறிவிட்டது என்று எழுதினால் உங்களுக்கும் நன்றாக இருக்கும். அது பொய். அவள் மாதா மாதம் வந்து அதே கருத்தைக் குடுப்பாள். "அதேதானோ?" என்பேன். "அதேதான் அன்ரி" என்பாள். கடைசி வாங்கில் வந்து இருப்பாள். முழங்காலில் நிற்கிறாளா என்று நான் திரும்பிப் பார்ப்பதில்லை. அது என் வேலையில்லை.

இப்போது என் கதிரையில் இருக்கிற இளம் பெண்ணுக்குக் கொம்பியூட்டர் குடுத்திருக்கிறார்கள். அதில் அதே நாலு வகைதான், பட்டனை அமத்தினால் போதும். அவளுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: பிள்ளை, இந்த மேசைக்குப் பதில் தேடி ஒருவரும் வாறேல்லை. அதுகள் சொல்லுறதை எழுது. அழகாக்காதே. நான் இதைப் படிக்க இருபத்தேழு வருடம் எடுத்தது, அதுவும் ஒரு தாயை நோகடித்துத்தான் படித்தேன்.

7. கடைசிக் கிழமை

ஓய்வுபெறுகிற கிழமையில் டிலானி வந்தாள். அவளுடைய கருத்தை எழுதி முடித்துப் புத்தகத்தை மூடப் போனேன். அவள் கையை வைத்து மறித்தாள்.

"அன்ரி, உங்களுக்கு எழுத ஒண்டும் இல்லையோ?"

முப்பது வருடத்தில் அந்த மேசையில் என்னிடம் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. சிரித்தேன். "எனக்கென்ன பிள்ளை" என்றேன். அவள் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிவிட்டு, என் கையில் இருந்த பேனையை வாங்கிக்கொண்டு காத்திருந்தாள்.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். ஒன்பது வயதில் வந்த காய்ச்சலோடு கட்டிலில் விழுந்தவள், பிறகு எழும்பவே இல்லை. வேலைக்கு வருமுன் அவளைப் பிரட்டிப் படுக்க வைத்துவிட்டு வருவேன், போனதும் பிரட்டுவேன். அவள் செத்த நாளுக்கு வருடா வருடம் என் கையாலேயே 'ஆ.இ.' என்று எழுதி வந்தேன்.

"ரெஜினா" என்றேன். டிலானி எழுதினாள். "நாப்பத்தொரு வயசு. முப்பத்திரண்டு வருசம் கட்டில்ல. ஒருநாளும் ஒருத்தரையும் ஏசேல்ல."

"ஏன் எண்டு கேக்கிறன்" என்றேன்.

எழுதினாள். ஒரு சொல்லும் மாற்றாமல் எனக்கு வாசித்துக் காட்டினாள். பிறகு பேனையைத் தூக்காமலே, "கீழ, அக்கா எண்டு போடட்டோ?" என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன். போட்டாள்.