செல்லிக்கு ஒரு சேலை

என் மகன் முகிலன் தரையில் உட்கார்ந்து ஒரு பொம்மைக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இன்னும் இரண்டு பையன்கள், ஆளுக்கொரு பொம்மையோடு தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். சுவீடனில் பூரோஸ் என்ற இந்த நெசவு ஊருக்கு, தறி இயந்திரங்கள் பழுதுபார்க்கும் வேலைக்கு நான் வந்து ஐந்து வருடம் ஆகிறது. பிள்ளைகளைப் பகலில் விட்டுவிட்டுப் போகும் காப்பகத்தை இங்கே டாகிஸ் என்கிறார்கள். தினமும் மகனை அழைத்துவரப் போகிறவன்தான் நான். அன்றைக்கு என்னவோ வாசலிலேயே நின்றுவிட்டேன். அங்குள்ள ஆசிரியை சிரித்துக்கொண்டே, "உங்கள் மகன் டொக்காவை எவ்வளவு அழகாகத் தூங்கவைக்கிறான், பாருங்கள்" என்றார். டொக்கா என்றால் பொம்மை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஃபர்லோட்" என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பொருள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் தாமதமாக வரவில்லையே" என்றார். வீடு வந்து சேரும்வரை எனக்கு என் மீதே எரிச்சலாக இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் இராஜபாளையத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்தேன். அப்பா ஒரு பேண்டேஜ் கம்பெனியில் மேஸ்திரி. வெட்டும்போது விழும் துணிக் கழிவை, துடைக்கக் கொள்ள ஆகும் என்று சில நாள் வீட்டுக்குக் கொண்டுவருவார். அதைச் சுருட்டி, கழுத்தில் நூல் கட்டி, மைப் பேனாவால் கண் வரைந்து நான் ஒரு பொம்மை செய்தேன். பெயர் செல்லி. செல்லிக்குத் தினமும் எங்காவது அடிபடும். நான் கட்டுப் போடுவேன். ஊரில் பாதிப் பேர் கட்டுத்துணி செய்து பிழைக்கையில் பிள்ளைகளுக்கு வேறு என்ன விளையாட்டு வரும்? அம்மா ஒருநாள் பார்த்துவிட்டாள். ரவிக்கைத் துணி மிச்சத்தில் சின்னதாக ஒரு சேலை ஓரம் அடித்துத் தந்தாள். கொசுவம் வைக்கவும் சொல்லிக்கொடுத்தாள். அப்பாவின் சைக்கிள் சத்தம் கேட்டதும் செல்லி அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்விடுவாள். யாரும் சொல்லித்தராமலே நானும் அம்மாவும் அப்படி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்.

அந்த வருடம் ஆடிப்பூரத் தேருக்கு அப்பா என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனார். தெருவெல்லாம் விளையாட்டுச் சாமான் கடை. படுக்கவைத்தால் கண்ணை மூடுகிற ரப்பர் பொம்மை ஒன்றைக் காட்டினேன். அப்பா கடைக்காரரைப் பார்த்துக் கூச்சமாகச் சிரித்து, "பயலுக்கு அந்தத் துப்பாக்கியக் குடுங்க" என்றார். கேப் வைத்துச் சுடுகிற தகரத் துப்பாக்கி. அதோடு கோயிலுக்குள் போனோம். திரை விலகியதும் அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"தாயாருக்கு அலங்காரத்தப் பாருலே. கொசுவம் எம்புட்டு நேர்த்தியா இருக்கு" என்றார்.

"யாருப்பா கட்டிவிட்டது?"

"பட்டர்தான். வேற யாரு கட்டுவாக?"

"அவிய ஆம்பள தானப்பா. அப்போ நான் செல்லிக்குக் கட்டுனாலும் தப்பில்லைல?"

எனக்கு அன்றைக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? சாமி சந்நிதியிலேயே நடக்கிற காரியம் என்றால் அப்பாவும் ஒத்துக்கொள்வார் என்று நம்பிச் சொல்லிவிட்டேன். "எந்தச் செல்லிலே?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். சந்நிதி என்றும் பார்க்காமல் முதுகில் ஓர் அறை விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அரிசி டிரம்மைத் தள்ளி, செல்லியை எடுத்து, சேலையோடு வெந்நீர் அடுப்பில் போட்டார். "ஏட்டி, பயலப் பொட்டையாக்கவா பாக்க?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழக்கூடப் பயம். துப்பாக்கியை எடுத்துப் போய் வாசலில் நின்று கேப் தீரும்வரை சுட்டேன். அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் என்னைக் காட்டிப் பெருமையாகச் சிரித்தார்.

இப்போது சொல்லுங்கள். ஆணின் கை சேலை தொட்டால் கெட்டுப்போகும் என்றால் அந்தத் திரைக்குப் பின்னால் நடந்தது என்ன? அதற்குக் கன்னத்தில் போட்டுக்கொள்வீர்கள், இதற்கு அடுப்பில் போடுவீர்கள். முகிலன் பிறந்த அன்று இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவனைத் துணியில் சுற்றி என் கையில் வைத்தார். தலையை எப்படித் தாங்குவது என்று தெரியாமல் மரம் மாதிரி நின்றேன். பத்து வயதில் எனக்கு அது தெரிந்திருந்தது. அடித்து மறக்கவைத்தார்கள். "நான் எம் பிள்ளைகளைத் தூக்குனதே கிடையாது" என்று அப்பா நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்வார். இதில் என்னய்யா பெருமை? ஊரில் இதைப் படிக்கிற அப்பாமார்களைத்தான் கேட்கிறேன். இந்த நாடு சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. இங்கேயும் கடையில் பொம்மை ஒரு பக்கம், வாள் ஒரு பக்கம்தான். என்னோடு வேலை செய்கிற ஒருவன், மகன் பொம்மைத் தள்ளுவண்டி கேட்டான் என்று முகத்தைச் சுளித்தான். ஆனாலும் வாங்கிக் கொடுத்தான்.

முகிலன் கேட்டதும் என் மனைவி வசந்தியும் ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்தாள். நீலக் கண், மஞ்சள் முடி. செல்லியின் கதையை நான் எப்போதோ வசந்தியிடம் சொல்லியிருந்தேன். அவள் அவனுக்கும் சொல்லிவிட்டாள் போல. அவனும் அதைச் செல்லி என்றே கூப்பிட்டான். பேரன் போட்டோ வேண்டும் என்று அப்பா கடிதம் எழுதியிருந்தார். கேமராவைத் தூக்கிக்கொண்டு மகனிடம், "அதைக் கீழே வை" என்றேன். அவன் அழவில்லை. பொம்மையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அவனை நான் ஒருநாளும் அடித்ததில்லை. என் முகம் ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது. எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. "வெளிய எடுய்யா, நல்லா தெரியும்படி பிடி" என்று சொல்லிப் படம் எடுத்தேன். "மாமா பாத்தா வைவாக" என்றாள் வசந்தி. வையட்டும் என்று தபாலில் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். அப்பாதான் எடுத்தார்.

"போட்டோ வந்துச்சு. பயல் கையில என்னலே அது?"

"நீங்க அடுப்புல போட்டதுதாம்ப்பா."

"எப்பவோ நடந்ததக் கட்டிக்கிட்டு அழுத" என்று சொல்லி ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா குளிரை விசாரித்தாள், சாப்பாட்டை விசாரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது எம்புட்டு உசரம் இருக்கும்யா?" என்றாள்.

"முகிலனா?"

"இல்லய்யா, அவன் கையில இருக்கது."

"ஒன்றரைச் சாண் இருக்கும்மா."

போன வாரம் பார்சல் வந்தது. இட்லிப் பொடிப் பொட்டலத்துக்குள் இன்னொரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் அரக்கு நிறத்தில் ஒரு சின்னச் சேலை, ஓரம் அடித்தது. கூடவே நாலாக மடித்த ஒரு தாள்: "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்." அதைப் படித்ததும் வந்த கோபம் இதை எழுதும்போதும் ஆறவில்லை. பேரன் எடுத்த பிறகும் ஒரு பொம்பளை, ஒரு முழத் துணியை இட்லிப் பொடிக்குள் ஒளித்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. கீழே உட்கார்ந்து நானே செல்லிக்குக் கட்டிவிட்டேன். கைக்குக் கொசுவம் மறக்கவில்லை. மறுநாள் முகிலன் பனியில் செல்லியைத் தூக்கிக்கொண்டு டாகிஸுக்கு நடந்தான். செல்லியின் கம்பளி உடுப்புக்கு மேலே சேலை. கிட்டே போனால் பெருங்காய வாசம்.

இன்றைக்கு அம்மாவுக்குப் போன் போட்டேன். பக்கத்தில் அப்பா இருமுவது கேட்டது.

"பொடி வந்துச்சாய்யா?" என்றாள்.

"வந்துச்சும்மா."

"அளவு?"

"சரியா இருக்கும்மா" என்றேன்.