நான் எழுதிய எண்

அந்தப் பெண் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது கணவர் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய அலுமினியப் பெட்டி. ஒரு மூலை நசுங்கி, இடுக்குகளில் சேறு காய்ந்திருந்தது.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவர் காரின் இசியு. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எந்த நொடியில் பொறி வைக்க வேண்டும், டர்போ எவ்வளவு காற்றை அழுத்தலாம் என்று என்ஜினுக்குச் சொல்கிற பெட்டி. நான்கு மாதங்களுக்கு முன் அதை நான்தான் திறந்து, உள்ளே இருந்த எண்களை மாற்றி எழுதினேன். மலாக்கா டவுனுக்கு வெளியே உள்ள என் சிறிய கடையில் அதுதான் தொழில். செத்துப்போன இசியுக்களை உயிர்ப்பிப்பது, நல்லவற்றின் எண்களை மாற்றி காருக்குக் கூடுதல் வேகம் கொடுப்பது.

"இதுல எல்லாம் பதிவாகும்னு அவரு சொல்லியிருக்காரு அண்ணே," என்றாள். "அன்னிக்கு எவ்வளவு ஸ்பீடுல போனாருன்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

அவர் சுங்கை ரம்பாய் சாலையில், மழை விட்ட ஒரு காலையில், வேலைக்குப் போகும்போது இறந்தார். செம்பனைக் குலை ஏற்றிய லாரியை முந்தப் பார்த்திருக்கிறார். எதிரே வேன் வந்ததும் சாலையை விட்டு ஸ்டீரிங்கை ஒடித்து, பாலத்துச் சுவரில் மோதி, கீழே லோங்காங் என்கிற பெரிய சாக்கடைக் கால்வாயில் விழுந்தார். வேனில் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. போலீஸ் பார்த்து முடித்த பிறகு, நொறுங்கிய காரிலிருந்து இவளுடைய தம்பி பெட்டியைக் கழற்றிக் கொடுத்திருக்கிறான்.

"நூத்தி எண்பதுல போனாரு, ரேஸ் ஓட்டுனாருன்னு எல்லாரும் பேசுறாங்க. சாவு வீட்டுலயே பேசுனாங்க. மாமாவே, எம்பிள்ள திமிருல செத்தான்னு சொல்லிட்டாரு. எனக்கு உண்மை தெரியணும் லா, அண்ணே. எதுவா இருந்தாலும் சரி."

இரண்டு நாள் கொடு என்றேன்.

மூடியைப் பிரித்ததும் சேற்று வாடை அடித்தது. உள்ளே இருந்த சர்க்யூட் பலகையின் ஓரத்தில் பச்சைப் பாசிபோல் உப்புப் பூத்து, மின்சாரம் வரும் இரண்டு கால்கள் அரித்துப் போயிருந்தன. ஆல்கஹால் தொட்டுப் பல்துலக்கும் பிரஷால் துடைத்து, மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்தேன். கை பழக்கத்தில் வேலை செய்தது. இறப்பதற்குச் சில நாள் முன்பு அவர் என்னிடம் வந்து சொன்ன ஒன்று மட்டும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"காலையில ரெண்டு தரம் பவர் சடார்னு செத்துப்போச்சு பாஸ். ஆக்சிலேட்டர முழுசா மிதிக்கிறேன், கார் போகல. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் வந்துச்சு."

நான் அன்று மதியம் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "ஹோஸ்ல எங்கயாவது லீக் இருக்கும். ஞாயித்துக்கிழமை கொண்டாங்க, பாத்துடலாம்," என்று அனுப்பிவிட்டேன். அந்த ஞாயிறுக்கு முன்பே, அவர் இறந்த வியாழன் வந்துவிட்டது.

பெட்டியை மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். கணினி அதைக் கண்டுகொண்டது. கோளாறு ஏற்படும் கணத்தில் காரின் நிலையை அது ஒரு முறை குறித்து வைக்கும். கடைசிக் குறிப்பில் இருந்தது இதுதான். ஆக்சிலேட்டர் முழுதாக மிதிக்கப்பட்டிருந்தது. வேகம் தொண்ணூற்றேழு. டர்போ அழுத்தம் எல்லையைத் தாண்டியதால் என்ஜினின் சக்தி குறைக்கப்பட்டது.

ரேஸ் இல்லை, திமிரும் இல்லை. லாரியைப் பாதி தாண்டும்போது கார் அவர் காலுக்குக் கீழே செத்திருக்கிறது.

காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. டர்போ எட்ட வேண்டிய அழுத்தத்தை நான் ஏற்றியிருந்தேன். எதைத் தாண்டினால் சக்தியை வெட்ட வேண்டும் என்ற எல்லையைப் பெரிதாக ஏற்றவில்லை, என்ஜின் உடையக் கூடாதென்று. இரண்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் கொஞ்சம். நான் சோதித்ததெல்லாம் கொளுத்தும் மத்தியானங்களில். மழைக்குப் பிந்தைய குளிர்ந்து அடர்ந்த காற்றில் டர்போ அந்த இடைவெளியைத் தாண்டிவிடும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். என்ஜினைக் காப்பாற்றத்தான் நினைத்தேன். உள்ளே உட்கார்ந்திருந்த ஆளை நினைக்கவில்லை.

அவளிடம் பொய் சொல்லியிருக்கலாம். பெட்டி செத்துவிட்டது, ஒன்றும் எடுக்க முடியவில்லை என்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு நாள் முழுக்க அதைச் சொல்லிப் பழகிக்கூடப் பார்த்தேன். அவள் வந்து எதிரே உட்கார்ந்ததும் வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. "அந்த எல்லைய வெச்சது யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"நான்தாம்மா."

பெட்டியை எடுத்துப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தாள். பிறகு, "நாளன்னிக்குக் கருமாதி. வீட்டுக்கு வந்து இதை மாமாகிட்ட சொல்லுங்க. எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க," என்றாள்.

போனேன். கூடம் நிறைய ஆட்கள். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்றவர், மகன் படத்துக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். டர்போ, அழுத்தம் என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். "உங்க மகன் வேகமா ஓட்டல ஐயா. கார்தான் நடுவுல நின்னுபோச்சு. அது நான் செஞ்ச வேலையால," என்றேன்.

"எம்மவன் மேல தப்பில்லயா?"

"இல்ல ஐயா."

"உன் மேலயா?"

"ஆமா."

அவர் மகன் படத்தின் பக்கம் திரும்பி, "உன்ன என்னென்னமோ பேசிட்டேனேய்யா," என்று சொல்லி நெஞ்சில் அடித்துக்கொண்டார். யாரோ அவர் கைகளைப் பிடித்தார்கள். என்னைப் பார்க்காமலே, "இவன வெளிய போகச் சொல்லுங்க," என்றார்.

அவள் கேட் வரை வந்தாள். ஆறுதலாகவோ கோபமாகவோ ஏதாவது சொல்லுவாள் என்று நின்றேன்.

"இதே மாதிரி செஞ்ச மத்த காருங்க எத்தன இருக்கு?"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

மறுநாள் காலை போலீஸில் போய் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி வாங்கிக் கோப்பில் வைத்தார். இதுவரை அழைப்பு வரவில்லை. கடைக்குத் திரும்பி, சேமித்து வைத்திருந்த மேப்புகளை, ஒவ்வொரு காருக்கும் நான் எழுதிய எண் பட்டியல்களை, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அதே குறுகிய இடைவெளியோடு ஏழு கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஏழு பேருக்கும் நடந்ததை மறைக்காமல் சொல்லி அழைத்தேன். ஆறு பேர் கொண்டுவந்தார்கள். பழைய எண்களையே திரும்ப ஏற்றி அனுப்பினேன். ஒருவர் என் முன்னாலேயே காறித் துப்பிவிட்டுப் போனார்.

ஏழாவது ஆள் சிம்பாங் அம்பாட்டில் இருந்தார். "நல்லாத்தான் ஓடுது பாஸ். பவரக் கொறைக்கவா கூப்புடுறீங்க?" என்று சிரித்தார். அவர் வீட்டுக்கே இரண்டு முறை போனேன். மூன்றாம் முறை போனபோது வாசலில் கார் இல்லை.

"வித்துட்டேன் லா," என்றார். "புரோக்கர் கொண்டுபோயிட்டான். ஜோகூர் பக்கம்னு சொன்னான். யாருன்னு தெரியாது."